ஆவி அழைப்பவரும் அருகில் உட்கார்ந்திருப்பவரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து இப்பகுதியில் வெளியான வாசகர் கடிதத்தையும் படித்தேன். ஆவிகளை அழைக்கும் மந்திரவாதி ஒருவர் குழுவில் இருந்தால் மற்றவர்களுக்கு வேலையே இல்லாமல் போகிறது என்றும், அப்படிப்பட்ட பாத்திரத்தைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடுவதுதான் நியாயம் என்றும் அந்த வாசகர் எழுதியிருந்தார். அவருடைய குறை உண்மையானது. நானும் அதை அனுபவித்திருக்கிறேன். அவர் சொல்லும் தீர்வில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில், மாதத்தின் இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில், நான்கு பேருக்கு ஆறு ஆண்டுகளாக இந்த ஆட்டத்தை நடத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒருவர் கதையை நடத்துவார். அவரைக் கேம் மாஸ்டர் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்லி, முடிவு தெரியாத இடங்களில் பகடை உருட்டுவார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது. ஆட்டக்காரர்களுக்குள் வெற்றி தோல்வி கிடையாது. எல்லோரும் ஒரே கட்சி. அப்படியிருக்க, ஒருவர் மற்றவரைவிட வலுவாக இருந்தால் என்ன குடி முழுகிப்போய்விடும் என்று கேட்கத் தோன்றும். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு. கொள்ளையர்களிடமிருந்து ஒரு பாலத்தை மீட்க வேண்டும் என்பது காட்சி. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்காகச் சென்னை வந்த இளம்பெண் ஒருவர், இயற்கையின் ஆவிகளோடு உறவாடும் ட்ரூயிட் என்ற பாத்திரத்தை ஆடிவந்தார். பாத்திரம் ஐந்தாம் லெவலை எட்டியதும், வன ஆவிகளை விலங்கு உருவில் வரவழைக்கும் மந்திரம் அவருக்குக் கிடைத்தது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிப்படி, வலு குறைந்த விலங்குகள் என்றால் எட்டு வரும். எட்டு ஓநாய்கள் வேண்டும் என்றார். அத்தனை பொம்மைகள் என்னிடம் இல்லாததால், பல்லாங்குழிக்கு வைத்திருந்த சோழிகளில் எட்டை எடுத்து வரைபடத்தின்மேல் பரப்பினோம். ஓநாய்கள் கூட்டமாக ஒருவனைச் சூழ்ந்து தாக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் இருபது முகப் பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஆக, ஒரு சுற்றுக்குப் பதினாறு உருட்டல். பட்ட கடி ஒவ்வொன்றுக்கும் நான்கு முகப் பகடை இரண்டை உருட்டி, அதோடு இரண்டைக் கூட்ட வேண்டும். கடிபட்டவன் கீழே விழுந்தானா என்று பார்க்க நான் உருட்டுவது தனி. கைப்பேசியில் மணி பார்த்தேன். அவருடைய ஒரு முறை முடியப் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் வாள்வீரனாக ஆடுபவர். அம்பத்தூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை. வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறையில் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து பூங்கா நிலையத்துக்கு நடந்து, வண்டி மாறி மாம்பலத்தில் இறங்குகிறவர். அவர் முறை வந்தது. "வெட்டுகிறேன்" என்றார். இரண்டு முறை உருட்டினார். ஒன்று பட்டது, ஒன்று தவறியது. நாற்பது விநாடியில் எல்லாம் முடிந்து, மீண்டும் சோழிகளுக்குத் திரும்பினோம். இரண்டு மணி நேரம் நீண்ட அந்தச் சண்டையில் அவர் வாய் திறந்த நேரத்தைக் கூட்டினால் நான்கு நிமிடம் தேறும். மீதி நேரமெல்லாம், பயன்படாமல் கிடந்த சோழிகளைத் தரையில் ஐந்தைந்தாக அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார். அடுத்த ஞாயிறு கடையில் ஆள் குறைவு என்று செய்தி அனுப்பினார். அதற்கடுத்த முறையும் அதே செய்தி.

இங்கே எல்லோரும் சேதக் கணக்கைத்தான் எடுத்து வைப்பார்கள். ஓர் ஓநாயின் கடி சராசரியாக 7. எட்டும் பட்டால் 56. எங்கள் வாள்வீரரின் பாத்திரக் குறிப்புத் தாளில் இருந்த எண்களின்படி, அவருடைய இரண்டு வெட்டும் பட்டால் சராசரி 17. இந்த இடைவெளியைச் சரிசெய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எட்டை மூன்றாக்கினால் போதும். ஆனால் எண்கள் சமமான பிறகும் அவர் சோழி அடுக்கிக்கொண்டுதான் இருப்பார் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. மேசையில் உண்மையில் பங்கிடப்படுவது நேரம். அதைவிட முக்கியமாக, அடுத்து என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிக்கும் வாய்ப்பு. ஆவியை அழைப்பவர் தம் பாத்திரத்தோடு வேறு எட்டுப் பாத்திரங்களையும் சேர்த்து ஆடுகிறார். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றே ஒன்று.

சண்டையில்லாத வேளையிலும் இதே கதைதான். எங்கள் குழுவில் திருடன் பாத்திரத்தை ஆடும் கல்லூரி மாணவர், ஓசைப்படாமல் சுவரேறுவதற்கும் பூட்டைத் திறப்பதற்குமென்றே தம் திறன்களைப் பல மாதங்கள் சேர்த்து வளர்த்தவர். சுவரை ஊடுருவிப் போய்ப் பார்த்துவிட்டு வரும் ஆவி ஒன்று கிடைத்த அன்றே அவருடைய உழைப்பு வீணாகிவிட்டது. வாள்வீரருக்கு நேர்ந்ததைவிட இது பெரிய அநியாயம் என்பது என் எண்ணம். அடிபடுவது கண்ணுக்குத் தெரிகிறது, தகவல் பறிபோவது தெரிவதில்லை. இறந்தவரோடு பேசும் மந்திரத்தை எழுதியவர்கள் இதை உணர்ந்தே எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஐந்து கேள்விகள்தான் கேட்கலாம். பிணத்துக்கு உயிரோடு இருந்தபோது தெரிந்தது மட்டுமே தெரியும். விடை சுருக்கமாகவும் பூடகமாகவும் வரும். கேட்பவர் பகைவராக இருந்தால் உண்மை சொல்ல வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. அந்த ஐந்து கேள்விகள் எவை என்று குழுவே கூடி வாதாடும். மந்திரம் ஒருவருடையதாக இருந்தாலும் ஆட்டம் எல்லோருடையதாகிறது.

விலங்கு ஆவிகள் விஷயத்தில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிடும் நிறுவனத்தாருக்கே பின்னால் சங்கடம் ஏற்பட்டிருக்க வேண்டும். 2020-இல் வந்த துணைநூலில், ஒரே ஓர் ஆவியை அழைத்து, மந்திரத்தின் வலுவுக்கேற்ப அதன் பலம் கூடும்படியான புதிய மந்திரங்களைத் தந்தார்கள். 2024 பதிப்பில் பழைய மந்திரத்தையே மாற்றி, வரைபடத்தில் நகரும் ஒரு விலங்குக் கூட்டமாகவும், அதன் அருகே சிக்குபவருக்குச் சேதம் விளைவிப்பதாகவும் ஆக்கினார்கள். நேரம் மிச்சம்தான். ஆனால் அந்த ஓநாய்களுக்கு இப்போது முகம் இல்லை, பசி இல்லை; தரையில் வட்டம் போட்டு அதற்குள் நிற்காதே என்று சொல்வதற்கும் அதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

மற்ற விளையாட்டுகளையும் புரட்டிப் பார்த்தேன். 1989-இல் வந்த 'ஷேடோரன்' விளையாட்டில், ஆவியை அழைப்பவர் அதனோடு பகடையால் மல்லுக்கட்ட வேண்டும். அதன் ஐந்தாம் பதிப்பில், எத்தனை எண்ணிக்கையில் வெல்கிறாரோ அத்தனை ஏவல்களை மட்டுமே ஆவி செய்யும். ஆவி எதிர்த்து நின்றதற்கு இருமடங்கு களைப்பு அழைத்தவர் உடம்பில் இறங்கும். கட்டப்படாத ஆவி அடுத்த சூரிய உதயத்திலோ மறைவிலோ போய்விடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்த ஆவியைச் சாதாரணத் துப்பாக்கிக் குண்டு எளிதில் தொடாது என்பதால், எதிரி ஓர் ஆவியை ஏவும்போது குழுவில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். அழைப்பவருக்கு வலியை வைத்தவர்கள், பக்கத்தில் இருப்பவருக்கு வேலை வைக்க மறந்துவிட்டார்கள்.

1978-இல் முதற்பதிப்பு கண்ட 'ரூன்குவெஸ்ட்' எனக்கு அதிகம் பிடித்தது. அதில் வாளைக் கூராக்குவது, காயத்தை ஆற்றுவது போன்ற சிறு மந்திரங்கள் ஏறக்குறைய எல்லாப் பாத்திரங்களிடமும் இருக்கின்றன. 1984-இல் வந்த மூன்றாம் பதிப்பு அவற்றுக்கே ஆவி மந்திரம் என்று பெயர் சூட்டியது. ஊரில் எல்லோருக்கும் கொஞ்சம் கைவைத்தியம் தெரிந்திருந்தாலும் நாட்டு வைத்தியர் தனியாக இருப்பதுபோல, ஆவி உலகத்துக்குள்ளேயே போய்வரக்கூடிய ஷாமன் தனியாக இருக்கிறார். அவர் போகும்போது அவருடைய உடல் அசைவற்று இங்கேயே கிடக்கும். அதைக் காக்க வேண்டியவர்கள் யார்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். 2018 பதிப்பில், ஷாமன் பெறும் ஆற்றல்களுக்கு ஈடாக விலக்குகளும் உண்டு. இன்னது செய்யக் கூடாது, இன்னது தொடக் கூடாது என்ற கட்டுப்பாடுகளைச் சுமக்க வேண்டும். 1987-இன் 'ஆர்ஸ் மேஜிகா' வேறொரு வழியில் போனது. மந்திரவாதிதான் வலியவர் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதியையும் மந்திரமறியாத துணைப் பாத்திரத்தையும் கொடுத்து, முறை வைத்து மாற்றி ஆடச் சொன்னது. நேர்மையான ஏற்பாடுதான், மாதம் இரண்டு நாள் மட்டும் கூடும் எங்களுக்கு அத்தனை பாத்திரங்களை நினைவில் வைப்பது ஒத்துவரவில்லை.

இதற்கிடையில் நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். வாள்வீரர் வராமல் நின்றதும், ஆவிகளை அடக்க வேண்டும் என்ற பதற்றத்தில், வந்த ஆவியெல்லாம் அழைத்தவரைக் காட்டிக்கொடுப்பதாகக் கதையைத் திருப்பினேன். போகும் இடமெல்லாம் மந்திரத்தை முறிக்கும் எதிரிகளை நிறுத்தினேன். விதிகளில் அதற்கு இடமுண்டு, ஆனால் அது தண்டனை என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அப்படி மூன்றாவது ஆட்டத்தில் அந்தப் பெண் ஆவியையே அழைக்கவில்லை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு அன்றுதான் வாள்வீரர் வந்திருந்தார். சோழி அடுக்க இப்போது இரண்டு பேர்.

அன்று ஆட்டம் முடிந்து காபி குடிக்கும்போதுதான் அந்தப் பெண் சொன்னார்: "எங்க தாத்தா மேல சாமி வரும் சார். ஆனா நெனச்ச நேரத்துக்கு வராது. வெரதம் இருக்கணும், ஊரே கூடி நின்னு கூப்புடணும், கொஞ்ச நேரத்துல மலையேறிரும். தாத்தா மட்டும் தனியா நின்னு கூப்புட்டா யாரு வருவா?"

நான் புரட்டிய விதிநூல்களில் காணாதது இந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்தது. ஊர்க் கோயில் கொடை விழா நாளில் சாமியாடி ஒருவர்தான் என்றாலும், வில்லுப்பாட்டுக்காரர், மேளக்காரர், காப்புக் கட்டியவர்கள், எதிரே நின்று கேள்வி கேட்கும் பெரியவர், திருநீறு வாங்கக் கை நீட்டும் பிள்ளைகள் என்று ஊரே சேர்ந்துதான் அந்தச் சாமியை இறக்குகிறது. வருவதற்கு விலை உண்டு. நிற்பதற்கு நேரம் உண்டு. காவல் தெய்வமென்றால் அதற்கு எல்லை உண்டு. சங்க இலக்கியத்து வெறியாட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மகள் மெலிவதைக் கண்டு தாய் முருகனின் பூசாரியான வேலனை அழைக்க, வேலன் கழங்குக் காய்களை வைத்துக் குறி பார்த்து இது முருகனால் வந்த நோய் என்கிறான். காதல்தான் காரணம் என்பது தோழிக்குத் தெரியும். ஆவியின் வாயாக நிற்பவனுக்குத் தெரியாத ஒன்று பக்கத்தில் நிற்பவளிடம் இருக்கிறது. எங்கள் திருடனுக்கு நான் திருப்பித் தர வேண்டியிருந்தது அதைத்தான்.

ஆகவே விதிகளை மாற்றினோம். அழைக்கப்படும் ஆவி இப்போது எப்போதும் ஒன்றுதான். அதை அழைத்தவர் ஆடுவதில்லை. அவருக்கு இடப்பக்கம் இருப்பவர் ஆடுகிறார். அந்த ஆவிக்கு என்ன வேண்டும், எதைச் செய்ய மாட்டேன் என்கிறது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்வார். ஆவி எத்தனை சுற்று நிற்கும் என்பது மற்றவர்கள் கொடுப்பதைப் பொறுத்தது: ஒரு மருந்தையோ, ஆசையாய் வைத்திருக்கும் ஒரு பொருளையோ, இதுவரை குழுவிடம் மறைத்த ஓர் உண்மையையோ தம் பாத்திரத்தின் சார்பில் ஒருவர் கொடுத்தால் ஒரு சுற்று கூடும். கொடுப்பது நின்றதும் ஆவி மலையேறிவிடும். தன் எல்லைக்குள் நடந்தது மட்டுமே அதற்குத் தெரியும். கிணற்றடி ஆவிக்குக் கோட்டைக்குள் நடப்பது தெரியாது. கோட்டைக்குள் திருடன்தான் போக வேண்டும்.

முதல் முறை இதை ஆடியபோது இரவில் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கே மூழ்கி இறந்த ஓடக்காரனின் ஆவியை அந்தப் பெண் அழைத்தார். இடப்பக்கம் அம்பத்தூர் நண்பர். அவர் முன்பின் யோசிக்கவில்லை. கையை நீட்டி, "என் துடுப்பு எங்கே?" என்றார். அப்படி ஒரு துடுப்பு இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. இரண்டு ஞாயிறுகளுக்கு முன் ஆற்றங்கரைக் குடிசையில் கிடைத்த செதுக்கு வேலைப்பாடுள்ள துடுப்பைச் சந்தையில் விற்றுக் காசாக்கியவர் திருடன். மாணவரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அடுத்த அரை மணி நேரம் பகடை உருளவே இல்லை. திருடன் மழுப்ப, ஓடக்காரன் விடாமல் கேட்க, இடையில் நின்று சமாதானம் பேச வேண்டிய பொறுப்பு ட்ரூயிட்டுக்கு. கடைசியில் துடுப்பை மீட்டுத் தருவதாக நால்வரும் வாக்குக் கொடுத்த பிறகே ஓடம் நகர்ந்தது. நாற்பது விநாடி ஆடிக்கொண்டிருந்தவருக்கு அன்று வீட்டுக்குப் போகும்போது தொண்டை கட்டியிருந்தது.

இதிலும் குறைகள் உண்டு. நான்காமவர் கூச்ச சுபாவம் உள்ளவர். ஆவியாகப் பேசச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார். எனவே மறுக்க விரும்புபவர் மறுக்கலாம், அழைத்தவருக்கு வலப்பக்கம் இருப்பவருக்கு அந்த ஆவி போகும் என்று வைத்தோம். எட்டு ஓநாய்களைப் பறிகொடுத்தவருக்கும் வருத்தம் இருந்தது, வெளிப்படையாகவே கேட்டார். ஒன்றை எடுத்தால் ஒன்றைக் கொடுக்கத்தான் வேண்டும். ஓரிடத்தில் ஆவி இருக்கிறதா, அது எந்த மனநிலையில் இருக்கிறது என்பதை எந்தச் செலவும் இல்லாமல் அவர் மட்டும் எப்போதும் உணரலாம் என்று வைத்தேன். ஆட்டத்தின் மனநிலையையே அது மாற்றிவிட்டது. புதிய ஊருக்குள் நுழைந்ததும் எல்லோரும் முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

தெய்வ காரியத்தை விளையாட்டாக்குவதா என்று தங்கள் வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். எங்கள் ஆட்டத்தில் எந்தத் தெய்வத்தின் பெயரையும் வைப்பதில்லை. ஓடக்காரன், இடையன், கிணறு வெட்டியவன் என்று கதைக்குள் பிறந்த ஆவிகள் மட்டுமே. அந்த நிபந்தனையை வைத்தவரும் அந்தத் திருநெல்வேலிப் பெண்தான்.

கடிதம் எழுதிய வாசகருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. தம் குழுவில் ஆவி அழைப்பவரை விலக்கும் முன், ஒரே ஒரு நாள் கைப்பேசியில் மணி பார்த்து, ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் ஆடுகிறார்கள் என்று குறித்து வையுங்கள். அந்தத் தாளை மேசை நடுவில் போட்டு, குழுவிடமே கேளுங்கள். அழைப்பவரையும் சேர்த்துக் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த வழிதான் உங்களுக்கும் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் ஆவியைக் கொடுத்துப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை என்பது மட்டும் உறுதி.

துடுப்பை வாங்கிய வியாபாரி அதை வேறு நாட்டுக்கு விற்றுவிட்டதாகக் கேள்வி. வரும் நான்காம் ஞாயிறு அதைத் தேடிக் கடல் கடந்து போகிறார்கள். அம்பத்தூர் நண்பர் இப்போதெல்லாம் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடுகிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை - 33.